விதியில் சந்து கண்டவர்கள்

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் கபடி பார்த்திருப்பீர்கள். முன்னிலையில் இருக்கும் அணி கடைசி நிமிடங்களில் என்ன செய்யும்? பாடிப் போகிறவர் தடுப்புக் கோட்டைத் தாண்டி, சற்று உலவிவிட்டு, யாரையும் தொடாமல் திரும்பிவிடுவார். விதிப்படி குற்றமில்லை, ஆட்டம்தான் செத்துவிடும். புரோ கபடியில் இதற்கு மருந்து கண்டார்கள். தொடர்ந்து இரு முறை வெறுங்கையுடன் திரும்பினால், மூன்றாம் முறை புள்ளி எடுத்தே ஆக வேண்டும். இல்லையேல் பாடியவர் வெளியேற வேண்டும்.

மாணவர்களின் ரோபாட் போட்டிகளிலும் இதே கதைதான். ஆசிய பசிபிக் நாடுகளின் கல்லூரி மாணவர்களுக்கான ரோபோகான் போட்டி 2002-இல் டோக்கியோவில் தொடங்கியது. 2022-இல் அது டில்லியில் நடந்தபோது, அடுக்கி வைத்த சில்லுகளைப் பந்தால் கலைத்து மீண்டும் அடுக்கும் நம் தெரு விளையாட்டே பொருளாக அமைந்தது. ஆண்டுதோறும் புது ஆட்டம், புது விதி நூல். அந்த நூலில் சந்து பொந்து தேடுவது ஏமாற்று வேலையா, அறிவா? இதற்கு விடை காண, அமெரிக்காவில் டீன் கேமன் தொடங்கிய 'ஃபர்ஸ்ட்' என்னும் பள்ளி மாணவர் போட்டியில் வந்த இரண்டு எந்திரங்களைப் பார்ப்போம்.

2002-இல் களத்தில் நகரக்கூடிய மூன்று கூடைகள் இருந்தன. பந்துகளை அவற்றில் நிரப்பி, கூடைகளைத் தங்கள் பக்கம் தள்ள வேண்டும். இண்டியானா மாநிலத்தின் 71 ஆம் எண் அணி மூன்று கூடைகளையும் ஒருசேரப் பிடித்துக்கொண்டது. எதிரணி தள்ளினால்? அதற்குத்தான் அந்தக் கால்கள்! அரத்தில் சிக்கிய துகளைத் துலக்கும் கம்பித் தூரிகையைக் காலடியில் பதித்திருந்தார்கள். ரப்பர் சக்கரத்தின் பிடிப்பு, எடையையும் உராய்வையும் பொறுத்து ஓர் எல்லைக்குள் நின்றுவிடும். கம்பிகளோ தரைவிரிப்பின் இழைகளுக்குள் புகுந்து கொக்கி போலக் கவ்வும். எந்திரம் நத்தை போல் நகர்ந்தது. அவ்வாண்டின் வாகையும் சூடியது. தரைவிரிப்பைச் சேதப்படுத்தக்கூடிய உலோகப் பிடிப்புகளுக்குப் பிற்கால விதி நூல்களில் தடை வந்துவிட்டது.

2010-இல் வேறு ஆட்டம். இலக்கில் விழுந்த பந்தை எடுத்து மேலே உள்ள பாதையில் வைத்தால், அது உருண்டு நடுக்களத்தில் வந்து விழும். மிச்சிகனின் 469 ஆம் எண் அணி, தன் எந்திரத்தை அங்கேயே நிறுத்திவிட்டது! மேலிருந்து விழும் பந்தைச் சரிவுத் தகட்டில் ஏந்தி, நேரே இலக்குக்குத் திருப்பியது. இலக்கில் விழுந்த பந்து மறுபடியும் மேலே போகும், மறுபடியும் விழும். ஏற்றக் கிணறு போலத் தீராத சுழற்சி. இத்தனைக்கும் இறுதிச் சுற்றில் அவ்வணியின் கூட்டணி தோற்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டில் எனக்குப் பிடித்தது தோற்ற எந்திரமே. முதலாவது, விதி எழுதியவர் மறந்துபோன ஒரு வரியில் நின்றது; அந்த வரியைச் சேர்த்ததும் வழி அடைபட்டது. இரண்டாவதோ களத்தின் அமைப்பையே படித்திருந்தது. பந்து எங்கே விழும் என்பது எல்லா அணிகளுக்கும் தெரிந்த செய்திதானே?

இங்கே ஒரு தர்மசங்கடம் உண்டு. சந்து கண்ட அணி, அது செல்லுமா என்று அமைப்பாளரிடம் எழுதிக் கேட்கலாம். ஆனால் 'ஃபர்ஸ்ட்' போட்டியில் கேள்வியும் பதிலும் எல்லா அணிகளுக்கும் தெரியும்படி வெளியாகின்றன. கேட்டால் இரகசியம் போகும்; கேட்காவிட்டால் பல வார உழைப்பு களத்தில் ஒரே விசிலில் போகலாம். கேட்டுவிடுவதே மேல் என்பேன். ஆனால் "எங்கள் எந்திரம் இப்படிச் செய்யலாமா?" என்று கேட்கத் தேவையில்லை. "பந்தைத் தாங்குதல் என்றால் என்ன?" என்று கேட்டால் போதும்.

தமிழ் வழியில் படித்த மாணவர்களுக்கு இதில் ஓர் இடர் கூடுதல். ரோபோகான் விதி நூல் ஆங்கிலத்தில் வருகிறது. மூத்த மாணவர் ஒருவர் படித்து, வாய்மொழியாகச் சுருக்கிச் சொன்னால் போதும் என்று இருந்துவிடத் தோன்றும். அந்தச் சுருக்கத்தில் ஆட்டம் இருக்கும், சந்து இருக்காது. 'தொடுதல்', 'பிடித்தல்', 'தாங்குதல்' என்ற மூன்று சொற்களுக்கும் நூலில் வரையறை எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த வரிகளை மட்டுமாவது நீங்களே தமிழில் எழுதிப் பாருங்கள். திருகாணியையும் மோட்டாரையும் அதற்குப் பிறகு எடுக்கலாம்.