அவசரப்படாத குரல்

சி. எல். ஃபிராங்க்ளின் பெயரை எடுத்தாலே ‘அரீதாவின் அப்பாதானே’ என்று கேட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறவர்கள் மேல் எனக்குத் தீராத வருத்தம் உண்டு. பாடகி அரீதா பாட்டுக் கற்ற இடமே டெட்ராய்ட் நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் சபைதான். 1946இல் அங்கே போதகராக வந்த ஃபிராங்க்ளின், 1979இல் வீடு புகுந்த திருடர்கள் சுட்டு நினைவிழக்கும் வரை அந்தச் சபையை விடவில்லை.

எத்தனையோ பிரசங்கங்கள் பதிவாகியிருக்க, நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது கழுகுப் பிரசங்கத்தில்தான். ஹேஸ்டிங்ஸ் தெருவில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த ஜோ வான் பேட்டில் 1953இல் பதிவு செய்தது. அமெரிக்காவின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிலும் ஏறிவிட்டது. ஆனால் பலர் அதன் கடைசிப் பகுதியை மட்டும் கேட்டுவிட்டு உருகுகிறார்கள். ஃபிராங்க்ளினின் சாமர்த்தியம் எல்லாம் அதற்கு முன்னால் அல்லவா இருக்கிறது!

உபாகமம் 32ஐ எடுத்துக்கொண்டு, வேதபாட வகுப்பு நடத்துகிறவர் போல நிதானமாகத் தொடங்குகிறார். கழுகின் பலம், வேகம், பார்வை என்று ஒவ்வொன்றாக வருகிறது. குஞ்சு வளர வளரக் கூட்டின் மெத்தை போய் முள் குத்தத் தொடங்குவதைச் சொல்லி, சரித்திரம் முழுவதையும் கடவுள் கலைத்துவிடும் கூடாக விரிக்கிறார். சபை ஆமென் சொல்லி உந்துகிறது, அவர் அசைவதில்லை. கோழிகளுக்கு நடுவே வளரும் கழுகின் கதைக்கு வரும்போது குரலில் லேசாக ஒரு சுருதி தட்டுகிறது. வாக்கியங்கள் குறுகுகின்றன. மூச்சே தாளமாகிறது. பிறகு அந்தக் கரகரப்பு. பேச்சு முடிந்து பாட்டு தொடங்கிய இடம் இதுதான் என்று விரல் வைத்துக் காட்ட என்னால் இன்றுவரை முடியவில்லை. கூண்டு திறந்து கழுகு வெளியேறுகிறது. தன் ஆத்துமாவும் அப்படியொரு கூண்டுக் கழுகு என்கிறார். அந்த வரியை வெறும் வசனமாகச் சொல்லியிருந்தால் யாருக்கு அது உறைத்திருக்கும்?

புரூக்ளின் கன்கார்ட் சபையில் 1948 முதல் 1990 வரை போதகராக இருந்த கார்டனர் டெய்லரின் ரசிகர்கள் இதை ஏற்க மாட்டார்கள். பிரசங்கத்துக்குப் பாட்டு எதற்கு, வாக்கியத்தின் கம்பீரம் போதாதா என்பார்கள். டெய்லரின் வாக்கியங்களுக்கு நானும் தலைவணங்குகிறேன். ஆனால் ஃபிராங்க்ளினிடம் பாட்டு என்பது மேலே தூவிய அலங்காரம் கிடையாது. வாதம் தன் காலால் நடந்து நடந்து, இனி நடக்க முடியாத இடத்தில் பாட்டாகிறது. இன்று பல மேடைகளில் ஐந்தாவது நிமிடத்திலேயே ஆர்கன் எழும்பிவிடுகிறது, பிரசங்கியார் ‘ஹூப்’ எனப்படும் அந்தப் பாட்டுப் பேச்சுக்குத் தாவிவிடுகிறார். வேதபகுதி எதுவென்று வீட்டுக்குப் போய்த்தான் தேட வேண்டும்.

மேடையில் காட்டிய நிதானத்தைத் தெருவில் ஃபிராங்க்ளின் காட்டவில்லை. 1963 ஜூன் 23 அன்று வுட்வர்ட் அவென்யூவில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் நடந்த சுதந்திர நடைப்பயணத்தை முன்னின்று நடத்தியவர்களில் அவர் முதன்மையானவர். மார்ட்டின் லூதர் கிங் தன் கனவை வாஷிங்டனுக்கு முன்பே அன்று டெட்ராய்ட்டில் பேசினார்.

பேட்டிலின் கடை இருந்த ஹேஸ்டிங்ஸ் தெருவின் பெரும்பகுதி இன்று இல்லை. கிரைஸ்லர் நெடுஞ்சாலை விழுங்கிவிட்டது. பேட்டில் கடையை 12ஆம் தெருவுக்கு மாற்றினார். 1967 கலவரத்தில் அதுவும் போயிற்று. நெருப்பிலும் தீயணைத்த தண்ணீரிலும் எத்தனையோ நாடாக்கள் பாழாயின. அவற்றில் எந்தெந்த ஞாயிற்றுக்கிழமைகள் கிடந்தனவோ என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

கழுகுக்கு அடுத்து எதைக் கேட்கலாம் என்பவர்களுக்கு நான் சொல்வது, சங்கீதம் 137ஐ வைத்து அவர் செய்த பிரசங்கம். அந்நிய தேசத்தில் பாட மறுத்துக் கின்னரங்களை மரத்தில் மாட்டிய இஸ்ரவேலரோடு அவர் அங்கே நேராகவே மாறுபடுகிறார். அடிமைப்பட்ட தன் முன்னோர் பாடினார்களே, இவர்களும் பாடியிருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதையும் அவசரமில்லாமல்தான் சொல்லத் தொடங்குகிறார்.