பிராக் நகரத்துக் கடிகாரம்

பிராக் நகரின் பழைய சதுக்கத்தில், வழிகாட்டியின் குடையைப் பின்தொடர்ந்து வந்த எங்கள் இளைஞர் குழாம், நகரமன்றக் கோபுரத்தின் தென்சுவரில் 1410ஆம் ஆண்டு அமைக்கப்பெற்ற வானியல் கடிகாரத்தின் முன் நின்றதும், ஓயாத பேச்செல்லாம் தானே அடங்கிற்று. எலும்புக்கூடு ஒன்று கயிற்றை இழுத்து மணியடிக்க, அருகே நிற்கும் கருமியும் கண்ணாடி ஏந்திய அகங்காரியும் மரணத்தை மறுப்பவர்போல் தலையசைக்க, மேலே இரு சாளரங்களில் பன்னிரு அப்போஸ்தலர்கள் பவனி வந்து மறைய, முடிவில் பொற்சேவல் கூவிற்று. ஆனால், அந்தப் பதுமைகளைக் காட்டிலும் என் மனத்தைக் கவர்ந்தது, சூரிய சந்திரரின் கதியைக் காட்டும் கடிகார முகத்தின் வெளி வளையமே. அஸ்தமனத்திலிருந்து நாளைத் தொடங்கிய பழைய பொஹீமிய வழக்கப்படி 24 மணியையும் எண்ணும்பொருட்டு, அது பருவத்துக்கேற்ப முன்னும் பின்னுமாக மெல்ல அசைந்துகொண்டேயிருக்கிறது.