எத்தனை எக்ஸ்?

கேமரா வாங்கியவர்கள் இரண்டாவது மாதம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. 'எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே லென்ஸ் எது சார்?' கடையில் பதில் தயாராக இருக்கும்: '18-200 எடுத்துக்குங்க. பதினோரு எக்ஸ். கழட்டவே வேணாம்.' பதினோரு மடங்கு என்றதும் நம் ஆசாமியின் கண்கள் விரிகின்றன. புளி, பருப்பு போல ஜூமையும் மொத்தமாக வாங்கினால் லாபம் என்று நமக்கு ஒரு நம்பிக்கை.

இந்த 'எல்லாத்துக்கும்' என்ற வார்த்தையைக் கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் கணக்கு. பெரும்பாலோர் முதலில் வாங்கும் கேமராவில் இருப்பது ஏபிஎஸ்-சி என்கிற கிராப் சென்சார். பழைய ஃபிலிம் ஃப்ரேம் 36-க்கு 24 மி.மீ. இது ஏறக்குறைய 23.5-க்கு 15.6. கேனனில் இன்னும் கொஞ்சம் சிறிசு. ஓரங்கள் வெட்டுப்படுவதால் லென்ஸில் எழுதியிருக்கும் எண்ணை 1.5-ஆல் (கேனன் என்றால் 1.6) பெருக்கிப் பார்க்க வேண்டும். ஃபிலிம் கேமராவில் சமர்த்தாக இருந்த 28-80 ஜூமை இதில் மாட்டினால் 42-120 ஆகிவிடும். ஹாலில் பத்துப் பேரை நிற்க வைத்து எடுக்க, நமக்குப் பின்னால் இருக்கும் சுவரை இடிக்க வேண்டும். அதனால்தான் கிராப் கேமராவுக்கென்றே 18-ல் ஆரம்பிக்கும் லென்ஸ்கள் வந்தன. 2003-ல் கேனன் 300டி-யுடன் ஒரு 18-55 வந்தது. அப்புறம் பல கம்பெனிகள் கேமரா டப்பாவுக்குள் வைத்துக் கொடுத்தது ஏறக்குறைய இதே அளவைத்தான்.

இந்த 'கிட் லென்ஸை' மட்டமாகப் பேசுவது ஒரு நாகரிகம். பிளாஸ்டிக், லொடலொட என்பார்கள். வாஸ்தவம். ஆனால் பகல் வெயிலில் எஃப் 8-ல் எடுத்த படத்தைக் காட்டி 'இது எந்த லென்ஸ்?' என்று கேட்டால், திட்டுகிறவர்களில் பலர் திணறுவார்கள். அதன் வியாதி வேறு. 18-ல் எஃப் 3.5 ஆக இருக்கும் துவாரம், 55-க்குப் போவதற்குள் எஃப் 5.6 ஆகிவிடும்.

எஃப் எண் என்பது குவிய தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்து வருவது. எண் பெரிசானால் துவாரம் சிறிசு. 2.8-க்கும் 5.6-க்கும் பார்வைக்கு இரண்டு மடங்கு வித்தியாசம். உள்ளே வரும் வெளிச்சத்தில் நாலு மடங்கு.

இது எங்கே உறைக்கும் என்றால், வீட்டுக்குள். ராத்திரி ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 1600 வைத்துப் பாருங்கள். 5.6-ல் ஷட்டர் ஏறக்குறைய 1/30 செகண்டு காட்டும். அதே இடத்தில் 2.8 என்றால் 1/125. முப்பதில் ஒரு செகண்டில் பாட்டி சட்டென்று திரும்பினாலே முகம் கலைந்துவிடும். கேக் வெட்டும் குழந்தையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 'அதான் ஸ்டெபிலைசர் இருக்கே?' இருக்கிறது. அது உங்கள் கை நடுக்கத்தை நிறுத்தும், குழந்தையை நிறுத்தாது. ஐஎஸ்ஓ-வை 6400-க்கு ஏற்றலாம். இப்போதைய சென்சார்களும் சாஃப்ட்வேரும் புள்ளிகளைப் பெரும்பாலும் சமாளித்துவிடுகின்றன. ஆனால் 2.8 வைத்திருப்பவரும் அதே 6400-க்குப் போகலாமே. அவருக்கு எப்போதும் நாலு மடங்கு கையிருப்பு.

இப்போது பதினோரு எக்ஸுக்கு வருவோம். 2005-ல் நிக்கான் கொண்டுவந்த 18-200 விஆர் இந்த ரகத்துக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்தது. 16 கண்ணாடிகள், 560 கிராம். பொறியியல் சாமர்த்தியம் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் 18-ல் கட்டடத்தின் நேர்க்கோடுகள் பீப்பாய் மாதிரி புடைக்கும். தரையை நோக்கிப் பிடித்தால் குழல் தானாகவே வழுக்கி நீளும். கிட்டத்தில் இருக்கும் முகத்துக்கு 200 வைத்தால், 200-க்கு உண்டான பெரிசு வராது. கிட்டத்து ஃபோகஸில் லென்ஸின் நிஜ எண் குறைந்துவிடுகிறது. எல்லாவற்றையும்விட, 50-லேயே எஃப் எண் 5-ஐ நெருங்கிவிடும். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. 200-ல் எஃப் 2.8 வேண்டுமானால் துவாரத்துக்கு மட்டும் 71 மி.மீ. விட்டம் வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு தினமும் காய்கறி வாங்கப் போக முடியாது. மடங்கு கூடினால் வெளிச்சம் குறையும். பௌதிகத்தில் பேரம் கிடையாது.

பகலில் ஊர் சுற்றுகிறவர்கள், தூசியில் லென்ஸ் மாற்ற முடியாதவர்கள், ஸ்கூல் விளையாட்டு விழாவில் மைதானத்தின் மறுகோடியில் ஓடும் பையனைப் பிடிக்க வேண்டியவர்கள் 18-200 அல்லது 18-135 வாங்கலாம். தப்பே இல்லை. அவர்களுக்கு சூரியன் உதவி செய்கிறான்.

ஸ்டில் கேமராவுக்கென்று விற்பனைக்கு வந்த முதல் ஜூம், 1959-ல் வந்த ஃபோக்ட்லாண்டர் ஜூமார். அதன் அளவு 36-82, முழுவதும் எஃப் 2.8. இரண்டேகால் மடங்குதான்! அவர்கள் தூரத்தைவிட வெளிச்சத்துக்கு முதலிடம் கொடுத்திருந்தார்கள். அந்தப் புத்தியின் வாரிசுகள்தான் கிராப் கேமராவுக்கான எஃப் 2.8 ஜூம்கள்.

2006-ல் டாம்ரான் ஒரு 17-50 கொண்டுவந்தது. ஃபோகஸ் மோட்டார் கரகரவென்று சத்தம் போடும், ஸ்டெபிலைசர் கிடையாது, ஆனால் படத்தில் தெளிவு இருந்தது. கேமரா கம்பெனிகள் சொந்தமாக விற்ற 17-55 எஃப் 2.8 லென்ஸ்களின் விலைக்குப் பக்கத்திலேயே போக முடியாதவர்களுக்கு அது வரப்பிரசாதம். பழைய எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்கள் செகண்ட்ஹேண்டில் இன்றும் தேடலாம். ஸ்டெபிலைசரோடு வேண்டுமென்றால் சிக்மாவின் 17-50, 2010-ல் வந்தது.

மிரர்லெஸ் கேமராக்காரர்களுக்கு இரண்டு நல்ல பெயர்கள். ஒன்று, 2021-ல் வந்த சிக்மா 18-50 எஃப் 2.8. எடை 290 கிராம்தான். இன்னொன்று, அதே வருஷம் விற்பனைக்கு வந்த டாம்ரான் 17-70 எஃப் 2.8. இதில் ஸ்டெபிலைசர் உண்டு, 70 வரை போகும் (முகங்களுக்கு அருமையான தூரம்), ஆனால் 525 கிராம். சிக்மாவில் குறையில்லாமல் இல்லை. ஸ்டெபிலைசர் கிடையாது. 18-ஐ 1.5-ஆல் பெருக்கினால் 27. உங்கள் போனின் பிரதான கேமரா இதைவிடக் கொஞ்சம் அகலமாகவே பார்க்கும். இருந்தும் என் ஓட்டு சிக்மாவுக்குத்தான். தினசரி லென்ஸ் என்றால் தினசரி பையில் இருக்க வேண்டும். கனமான லென்ஸின் முக்கியமான குணம், அது பீரோவில் இருப்பது. கையில் பிடித்து வீடியோ நிறைய எடுப்பவராக இருந்தால் மட்டும் டாம்ரானுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

என் ஓட்டை அப்படியே நம்ப வேண்டாம். ஏற்கெனவே கிட் லென்ஸ் வைத்திருந்தால், அதில் எடுத்து நீங்கள் அழிக்காமல் வைத்திருக்கும் படங்களில் ஒரு 200-ஐ கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். ஒவ்வொரு படமும் எந்த மி.மீ.-ல், எந்த ஷட்டரில் எடுத்தது என்று அதற்குள்ளேயே பதிவாகியிருக்கும். பெரும்பாலும் 18-லேயே நிற்கிறது என்றால் உங்களுக்கு வேண்டியது 16-லோ 15-லோ ஆரம்பிக்கும் லென்ஸ். 55-லேயே முட்டிக்கொண்டு நிற்கிறது என்றால் 135 வரை போகலாம். கலங்கிப் போய் அழித்த படங்கள் எல்லாம் வீட்டுக்குள்ளும் கல்யாண மண்டபத்திலும் எடுத்தவை என்றால், எஃப் 2.8. நம்மில் பலருக்குப் பதில் இந்த மூன்றாவதுதான் என்பது என் ஊகம். ஊட்டி மலை அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கும். பாட்டியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

கடைக்குப் போனால் ஒரு சின்ன சோதனை. ஃப்ளாஷை அணைத்துவிட்டு, ஐஎஸ்ஓ 1600 வைத்து, லென்ஸை 50-க்குத் திருகி, கடைக்காரர் முகத்தை எடுங்கள். ஷட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த லென்ஸிலும் அதையே செய்யுங்கள். அவர் எக்ஸ் கணக்கு சொல்லிக்கொண்டே இருப்பார். சொல்லட்டும். பேசுகிற முகம் எந்த லென்ஸில் கலங்காமல் வருகிறதோ, அதற்கு பில் போடச் சொல்லுங்கள்.