கட்டு அவிழும் அந்த நொடி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதைகளின் முடிவையெல்லாம் இங்கே போட்டு உடைக்கத்தான் போகிறேன், உடைக்காமல் இவற்றைப் பற்றிப் பேச என்னால் ஆகாது. 'த ட்வைலைட் ஸோன்' தொடரை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்றால் தயவுசெய்து இந்தப் பக்கத்தை அப்படியே மடித்து வைத்துவிட்டு, 'ஐ ஆஃப் த பிஹோல்டர்' என்ற ஒரே ஒரு அத்தியாயத்தை மட்டும் தேடிப் பிடித்து, அறையில் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு இருபத்தைந்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள். நான் இங்கேயேதான் இருக்கிறேன்.

பார்த்தாச்சா? பொறுமை இல்லையா? சரி, என் கூடவே வாங்க!

ஆஸ்பத்திரி அறை. இரவு. கறுப்பு வெள்ளை. கட்டிலில் ஜேனட் டைலர் என்று ஒரு பெண், தலை முழுக்கக் கட்டு, கண்ணும் தெரியாது மூக்கும் தெரியாது, வெறும் வெள்ளைத் துணிச் சுருள்தான் முகம். பிறந்ததிலிருந்தே விகாரமான முகமாம், பார்க்கிறவர்கள் அலறுவார்களாம். அதைச் சரிசெய்ய இது பதினோராவது முயற்சி, அரசாங்கம் அனுமதிப்பது அத்தோடு சரி. இதுவும் பலிக்கவில்லை என்றால் இவளைப் போன்றவர்களை ஒதுக்கி வைத்திருக்கும் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். மாக்சின் ஸ்டூவர்ட் என்ற நடிகை, முகத்தைக் காட்டாமல், குரலையும் இரண்டு கைகளையும் மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணாகவே ஆகிவிடுகிறார். எல்லோரையும் போல இருந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று அவர் ஏங்கும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, கையில் இருந்த காப்பி ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

இப்போது கட்டை அவிழ்க்கிறார்கள். யோசித்துப் பாருங்கள், ஒரே வீச்சில் இல்லை, சுற்றுச் சுற்றாக, வெளிச்சம் தெரிகிறதா தெரிகிறதா என்று டாக்டர் கேட்டுக் கேட்டு அவிழ்க்கிறார், ஒவ்வொரு சுற்றுக்கும் நான் நாற்காலியின் விளிம்புக்கு நகர்கிறேன், இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒன்று, எப்படி இருக்கும் அந்த முகம், வெந்ததா, சிதைந்ததா, பார்க்க முடியுமா என்னால் என்று பாதிக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கிறேன், கடைசிச் சுற்றும் விழுகிறது, டாக்டர் பின்வாங்குகிறார், மாற்றமே இல்லை என்று பதறுகிறார், அப்போது நம் கண்ணுக்குத் தெரிவது டானா டக்ளஸின் முகம், ஐயோ, நிலா மாதிரி ஒரு முகம்! என்னது இது என்று நாம் திகைக்கும் அந்த நொடியிலேயே விளக்கு எரிகிறது, டாக்டரும் தாதிகளும் நம் பக்கம் திரும்புகிறார்கள், பன்றி மூக்கும் கோணிய உதடும் குழிவிழுந்த கண்ணுமாக அத்தனை பேரும் திரும்புகிறார்கள், நான் எழுந்தே நின்றுவிட்டேன், ராத்திரி ஒரு மணிக்குத் தன்னந்தனியாக நடு ஹாலில் நின்றுகொண்டு கைதட்டினேன் சார், கைதட்டினேன்!

கையோடு மறுபடியும் முதலிலிருந்து போட்டேன். அங்கேதான் உண்மையான பைத்தியம் பிடித்தது. இருபது நிமிஷமாக அந்த ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் நடக்கிறார்கள், குனிகிறார்கள், பேசுகிறார்கள், ஒருவர் முகத்தையாவது பார்த்தேனா? ஒன்றுகூட இல்லை! முதுகு, நிழல், திரைச்சீலை, கை. இயக்குநர் டக்ளஸ் ஹேய்ஸும் ஒளிப்பதிவாளர் ஜார்ஜ் கிளமென்ஸும் கண்ணெதிரே அத்தனையையும் மறைத்தார்கள், எனக்கு உறைக்கவே இல்லை. அந்த முகங்களைச் செய்த வில்லியம் டட்டில் பின்னாளில் வேறொரு படத்தின் ஒப்பனைக்காக ஆஸ்கரின் கௌரவ விருதே வாங்கினார். 1960 நவம்பர் 11 அன்று, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து முதல்முதலாக அந்த முகங்களைப் பார்த்த அமெரிக்கர்களை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது, சத்தியமாகப் பொறாமை.

இதற்கெல்லாம் மூலவர் ராட் செர்லிங். சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 1959 அக்டோபர் முதல் 1964 ஜூன் வரை 156 அத்தியாயங்கள், அதில் 92 அவரே எழுதியவை. மனுஷன் தூங்கினாரா இல்லையா! அதற்கு முன்னால் இனவெறியைப் பற்றி நேராக நாடகம் எழுதிப் பார்த்தார், விளம்பரதாரர்கள் வெட்டிக் குதறினார்கள். அதே சங்கதியை வேற்றுக்கிரகத்துக்கும் வருங்காலத்துக்கும் தூக்கிக்கொண்டு போனார், யாரும் கை வைக்கவில்லை. அந்த ஆஸ்பத்திரியின் தொலைக்காட்சித் திரைகளில் ஒரு தலைவன் தோன்றி, எல்லோரும் ஒரே அச்சில்தான் இருக்க வேண்டும் என்று கத்திக்கொண்டே இருக்கிறானே, அது எந்தக் கிரகத்துக் கதை? பிறகு 'பிளானட் ஆஃப் த ஏப்ஸ்' படத்தின் திரைக்கதையிலும் இவர் கை உண்டு. கடற்கரை மணலில் பாதி புதைந்து கிடக்கும் சுதந்திர தேவி சிலையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கை புரியும்.

'ட்வைலைட் ஸோன்' தொடரில் வந்த 'டைம் எனஃப் அட் லாஸ்ட்' பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. படிக்க விடமாட்டேன் என்று பெண்டாட்டியும் மேலதிகாரியும் துரத்தும் ஒரு வங்கிக் குமாஸ்தா, சோடாபுட்டிக் கண்ணாடி, 'ராக்கி' படத்தில் பயிற்சியாளராக வருவாரே, அதே பர்ஜஸ் மெரிடித். பெட்டக அறைக்குள் ஒளிந்து படித்துக்கொண்டிருந்ததால் அணுகுண்டிலிருந்து தப்பிக்கிறார். ஊரில் ஒரு ஜீவன் இல்லை. இடிந்த நூலகப் படிகளில் மாதவாரியாகப் புத்தகங்களை அடுக்கி வைத்துக்கொண்டு, இனி காலமெல்லாம் படிப்புதான் என்று குனிகிறார், கண்ணாடி நழுவுகிறது. அந்தச் சத்தம்! நானும் கண்ணாடிக்காரன், இன்றைக்கும் கட்டில் ஓரத்தில் கண்ணாடியை வைக்கும்போது கை ஒரு நொடி நிற்கும்.

'டு சர்வ் மேன்' முடிவு ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லின் மேல் நிற்பது. மனிதனுக்குத் தொண்டு செய்வது என்று நாம் நம்பியிருந்த வேற்றுக்கிரகத்தார் புத்தகம், மனிதனை இலையில் பரிமாறுவதற்கான சமையல் குறிப்பு! தமிழில் இந்தச் சிலேடை படியாதே என்று பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் என் செல்லம் 'த இன்வேடர்ஸ்'. ரிச்சர்ட் மேத்சன் எழுதியது, 1961. இதை அம்மாவோடு பார்த்தேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, இதற்குத் தேவையும் இல்லை, ஏனென்றால் கடைசி நிமிஷம் வரை வசனமே கிடையாது! வானொலியில் குரலாலேயே பேர் வாங்கிய ஆக்னஸ் மூர்ஹெட்டுக்கு ஒரு சொல்கூடக் கொடுக்காமல், மூச்சும் முனகலும் ஓட்டமுமாக ஒரு அத்தியாயம். ஒதுக்குப்புறக் குடிசையில் ஒற்றைக் கிழவி, கூரையில் தடால் என்று ஒரு பறக்கும் தட்டு, அதிலிருந்து இரண்டு குட்டி உருவங்கள். அவை நடப்பது பொம்மை மாதிரிதான் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும், அந்த முகத்தைப் பார்க்கவே நேரம் போதவில்லை. அவள் கையையும் காலையும் சுட்டுப் பொசுக்குகின்றன, அவள் வீட்டுக் கத்தியையே எடுத்து அவளைக் குத்துகின்றன, "அடி ஆத்தா, பின்னால பாரு, பின்னால!" என்று அம்மா கத்துகிறார், கிழவி ஒன்றைத் துணியில் சுருட்டி அடி அடியென்று அடித்து நெருப்பில் போடுகிறாள், "அப்படிப் போடு!" என்று அம்மா தொடையில் தட்டுகிறார், நானும் தட்டுகிறேன், கிழவி கோடரியோடு கூரைமேல் ஏறித் தட்டை வெட்டுகிறாள், உள்ளேயிருந்து ஒரு குரல், அத்தனை நேரம் கழித்து முதல் மனிதக் குரல், இது ராட்சதர்கள் வாழும் இடம், யாரும் வராதீர்கள் என்று எங்கேயோ இருக்கும் தன் ஊருக்குச் செய்தி அனுப்புகிறது, கேமரா மெள்ள நகர்ந்து தட்டின் மேல் எழுதியிருப்பதைக் காட்டுகிறது.

"என்னய்யா எழுதியிருக்கு?"

எனக்கு நாக்குக் குழறியது, மூச்சு முட்டியது, அந்த ஒரு வரியைச் சொல்ல நான் ஒரு மணி நேரமாகக் காத்திருந்த மாதிரி இருந்தது. "அமெரிக்க விமானப்படைன்னு போட்டிருக்கும்மா."

அம்மா திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வெற்றிலை மென்ற வாய் அப்படியே நின்றது.

"அப்ப நெருப்புல போட்டது நம்மாளையா?"

நான் தலையாட்டினேன். வாசலில் பால்காரர் மணி அடித்தார், இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"எய்யா," என்றார் அம்மா, "முதல்ல இருந்து போடு."