எம்டன்: சொல்லும் வரலாறும்

தந்திரமும் துணிவும் மிக்கவனை 'எம்டன்' என அழைப்பது தமிழில் வழக்காயிற்று. சிங்களரிடையேயும் அச்சொல் உண்டு. அதனை நீர்மூழ்கியெனப் பலர் கருதுவது பிழை. அது நீர்மேற் செல்லும் ஜெர்மானிய விரைவுப் போர்க்கப்பலே. 1914 செப்டெம்பர் 22ஆம் நாள் இரவு சென்னையின் எண்ணெய்த் தாங்கிகளை எரித்த அக்கலம், பின்னர் இலங்கையை அண்மி வணிகக் கப்பல்களை வேட்டையாடிற்று. ஆயினும் கொழும்பின்மீது குண்டெறிந்ததில்லை. மாலுமிகளை இறக்கிய பின்னரே கப்பல்களை மூழ்கடித்தமை அதன் தலைவர் கார்ல் வொன் முல்லருக்குப் பகைவரிடத்தும் புகழ் தேடித் தந்தது. நவம்பர் 9இல் கொக்கோஸ் தீவருகே 'சிட்னி' என்னும் ஆஸ்திரேலியப் போர்க்கப்பலால் எம்டன் அழிந்தது.

செண்பகராமன் பிள்ளை அதில் வந்தார் என எழுதுவோர் உளர். அவ்வாண்டில் அவர் சூரிச்சிலும், பின்னர் பெர்லினிலும் இருந்தவர், கதை நிலைபெறாது. எனினும் அதனால் எவர்க்கும் தீங்கில்லை.

தீங்கு விளைத்த கதை வேறு. கல்முனைக்குத் தெற்கே, பாணமைக்கும் அப்பால் விரிவது யாலக் காடு. அதன் காவலர் எங்கெல்பிரெக்ட், போயர் போர்க் கைதியாக இலங்கைக்குக் கொணரப்பட்டவர். பிரித்தானிய முடிக்கு விசுவாசப் பிரமாணஞ் செய்ய மறுத்தவர். எம்டனுக்கு இறைச்சி வழங்கினாரென்ற வதந்தியால் அவர் சிறைப்பட்டார். பழைய மறுப்பே புதிய குற்றத்துக்குச் சான்றாயிற்று போலும்! எம்டனைப் புகழும் தமிழெழுத்துகள் இவர் பெயரைத் தீண்டுதல் அரிது. 1922இல் அவர் காலமானார். எம்டனிற் பணியாற்றிய அதிகாரியொருவர் அக்குற்றச்சாட்டு பொய்யெனக் கூறியது அதன் பின்னரே.