இரைச்சலும் சாட்சியமும்: மூர் மதரின் 'ஃபெடிஷ் போன்ஸ்'

'இது பாட்டா, வெறும் சத்தமா?' என்ற கேள்வியை யார் கேட்கிறார்கள், யாரைப் பார்த்துக் கேட்கிறார்கள் என்பதில்தான் இசையின் அரசியல் இருக்கிறது. பறையைச் சாவுக்கொட்டு என்று சேரியோடு நிறுத்திவிட்டு, சபாவுக்குள் நடப்பதை மட்டும் சங்கீதம் என்று சொன்னவர்களின் வாயால் இந்தக் கேள்வியை நம்ம சனங்கள் நிறையக் கேட்டாயிற்று. ஆகவே இரைச்சலையே கையில் எடுத்த ஒரு கறுப்பினப் பெண்ணின் இசைத்தொகுப்புக்குக் காதுகொடுக்க நமக்குக் கூடுதல் காரணம் உண்டு.

கமே அயேவா அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து இசைச்சூழலில் உருவான கவிஞர். மூர் மதர் என்ற பெயரில் 2016இல் அவர் வெளியிட்ட தொகுப்பு 'ஃபெடிஷ் போன்ஸ்'. வெளியிடங்களில் பதிவுசெய்த ஒலிகள், பிற பதிவுகளிலிருந்து எடுத்த துண்டுகள், இரைச்சல் எழுப்பும் கருவிகள், விக்கி விக்கி நிற்கும் தாளங்கள், இவற்றுக்கு நடுவே அவருடைய குரல். பாடுகிற குரல் அல்ல. பேசுகிற, அதட்டுகிற, சில சமயம் தொண்டை கிழியக் கத்துகிற குரல்.

இந்த ஒலிகள் எதுவும் புதிதல்ல. 1978இல் பிரையன் ஈனோ விமான நிலையங்களுக்கென்று ஓர் இசைத்தொகுப்பு செய்தார். யாரையும் தொந்தரவு செய்யாமல் பின்னணியில் கிடக்கிற இசை. ஆம்பியன்ட் என்ற பெயர் அதிலிருந்துதான் பரவியது. 1990களில் ஜெர்மனியின் ஓவல் குழுவினர் குறுந்தகடுகளை வேண்டுமென்றே கெடுத்து, அவை திக்குவதிலிருந்து இசை செய்தார்கள். அங்கே எந்திரத்தின் பிழை ஓர் அழகாகிறது. நல்லது. ஆனால் பிழையை ரசிப்பதற்கும் ஒரு சௌகரியம் வேண்டியிருக்கிறது. மூர் மதரிடம் திக்குவது எந்திரம் அல்ல, வரலாறு. அவருடைய ஆம்பியன்ட் யாரையும் அமைதிப்படுத்துவதில்லை. பக்கத்து அறையில் என்னமோ நடக்கிறது என்ற பதற்றத்தைத்தான் அது நிரப்புகிறது.

தொகுப்பின் முதல் பகுதியான 'கிரியேஷன் மித்' 1866இல் தொடங்கி, வெள்ளை வெறியாட்டம் நடந்த 1919இன் கோடைகாலத்தைக் கடந்து, நம் காலம்வரை ஒரே பெண்ணுடலை நடத்திக்கொண்டு வருகிறது. 1866 மே மாதம் மெம்பிஸில் மூன்று நாள் நடந்த தாக்குதலில் 46 கறுப்பின மக்கள் கொல்லப்பட்டார்கள். தேவாலயங்களும் பள்ளிக்கூடங்களும் எரிக்கப்பட்டன. வல்லுறவுக்கு ஆளான ஐந்து பெண்கள் நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் வந்து, நடந்ததைத் தெளிவாகச் சொன்னார்கள். ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. அவர்களில் ஒருவரான பிரான்சிஸ் தாம்சன், ஆண் உடலோடு பெண்ணாக வாழ்ந்தார் என்று 1876இல் கைது செய்யப்பட்டார். உடனே வெள்ளைப் பத்திரிகைகள் பத்து வருஷத்துக்கு முந்தைய சாட்சியம் மொத்தமும் பொய் என்று கூச்சலிட்டன.

தெளிவாகச் சொன்னால் நியாயம் கிடைக்கும் என்ற நம்பிக்கை இங்கேதான் உடைகிறது. சொல்வது புரியவில்லை என்பதால் அல்ல, சொல்கிறவர் யார் என்பதால்தான் சாட்சியம் நிராகரிக்கப்படுகிறது. அப்புறம் எதற்காக எதிரியின் காதுக்கு இதமாக, ஒழுங்காக, கோர்வையாகப் பேச வேண்டும்? மூர் மதர் வார்த்தையை இரைச்சலுக்குள் முக்கி எடுப்பது இந்தக் கேள்வியோடுதான்.

இன்னொரு பகுதியின் தலைப்பிலேயே இரண்டு பெயர்கள் நிற்கின்றன: கப்ரினி கிரீன், நட்டாஷா மெக்கென்னா. முன்னது சிகாகோவில் கறுப்பின ஏழைகள் வாழ்ந்த அரசுக் குடியிருப்பு. அதன் கடைசி அடுக்குமாடி 2011இல் இடிக்கப்பட்டது. பின்னவர் மனநலம் பாதிக்கப்பட்ட 37 வயதுப் பெண். 2015இல் வர்ஜீனியா சிறையொன்றில், விலங்கிட்ட நிலையில் மின்னதிர்ச்சித் துப்பாக்கியால் நான்கு முறை தாக்கப்பட்டு இறந்தார். யார்மீதும் வழக்கு இல்லை. வீட்டை இடிப்பதும் உடலை இடிப்பதும் ஒரே வேலைதான் என்று விளக்கவுரை எழுதாமல், இரண்டு பெயர்களைப் பக்கத்தில் வைத்தே சொல்லிவிடுகிறார்.

குறை இல்லாமல் இல்லை. எல்லாமே உச்சத்தில் ஒலிக்கும்போது காது மரத்துப்போகிறது. சில துண்டுகள் ஊன்றுவதற்குள் முடிந்துவிடுகின்றன. அதைவிட முக்கியம், கலைக்கூடத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டு, ஒரு சிலிர்ப்போடு வீட்டுக்குப் போகிற வசதியும் வெள்ளை ரசிகருக்கு இருக்கிறது. கலகத்தையும் சரக்காக்கத் தெரிந்த சந்தை அது. இதற்கு இந்தத் தொகுப்பிடம் முழுப் பதில் இல்லை.

1946இல் அம்பேத்கர், கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் பிரதி கேட்டு டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் தங்கள் பெயரையே கருஞ்சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கொடுக்கல் வாங்கலில் இதையும் சேர்க்கலாம். நம் தன்வரலாறுகளிடம் 'வலியைச் சொல்லுங்க, ஆனா அழகாச் சொல்லுங்க' என்று கேட்கிற விமர்சகர்கள் இன்னும் இருக்கிறார்கள். கொச்சை, ஆபாசம், ஒரே புலம்பல் என்று முகம் சுளிக்கிறார்கள். சாட்சி சொல்கிறவர்கள் எந்தக் குரலில் சொல்ல வேண்டும் என்பதைக் கேட்கிறவர்கள் தீர்மானிக்க முடியாது. காது கூசினால் கூசட்டும்.