ஆளில்லாத வீடுகள்

கூகுள் எர்த்தில் அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்துக்குப் போய்ப் பாருங்கள். மைலுக்கு மைல் கட்டம் போட்ட கணக்கு நோட்டு மாதிரி வயல்கள். நடுவே எங்காவது ஒரு சின்ன மரக்கூட்டம் தென்படும். குளிர்காற்றைத் தடுக்க எப்போதோ நட்டவை. அதன் மடியில் ஒரு கூரை. வாசலுக்குப் போகிற பாதையைக் காணவில்லையா, அதையும் சேர்த்து உழுதுவிட்டார்களா? வீட்டில் ஆள் இல்லை. இப்படி மேலிருந்து தேடிப் பிடித்து, நேரில் போய்ப் படம் எடுப்பது ஒரு பொழுதுபோக்காகவே வளர்ந்துவிட்டது.

இந்த மாதிரி வீடுகளைப் படம் பிடித்ததில் முக்கியமான புத்தகம் யூஜீன் ரிச்சர்ட்ஸின் 'தி ப்ளூ ரூம்' (2008). கறுப்பு வெள்ளையில் பேர் வாங்கியவர் கலருக்கு வந்த முதல் புத்தகம். உரிந்து தொங்கும் சுவர், விட்டுப்போன துணிமணி, யாரும் படுக்காத கட்டில். பார்த்தால் பேச்சு வராது. அதே வருஷம் ஜனவரி 'நேஷனல் ஜியாக்ரஃபிக்'கில் சார்லஸ் பௌடன் எழுதிய வட டகோட்டா கட்டுரைக்கும் இவர்தான் படம். அந்த மாநிலத்துக்காரர்கள் பலருக்கு அதைப் பார்த்துக் கடும் கோபம். 'நாங்கள்தான் இருக்கிறோமே!'

கோபத்தில் நியாயம் இருக்கிறது. 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி, ஐந்து வருஷம் வீடு கட்டிக் குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் கிட்டத்தட்ட இனாம். அதனால்தான் அத்தனை வீடுகள். மழை குறைந்த அந்த மண்ணில் 160 ஏக்கர் ஒரு குடும்பத்துக்குப் போதவில்லை. 1930களில் வறட்சி வேறு. டிராக்டர் வந்ததும் ஒரே ஆள் நாலைந்து பேர் நிலத்தை உழ முடிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் நிலத்தை வாங்கினார். வீடு அவருக்கு வேண்டியிருக்கவில்லை. ஜனத்தொகை 1930ல் 6,80,845, 2000ல் 6,42,200. பிறகு எண்ணெய் கிடைத்து, 2020ல் 7,79,094.

இந்த ரகப் படங்களில் எனக்குள்ள குறை இதுதான். அறைக்குள் நின்று பார்த்தால் உலகமே முடிந்துவிட்ட மாதிரி இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே கோதுமை அமோகமாக விளைந்துகொண்டிருக்கிறது. கைவிட்டது வீட்டைத்தான், மண்ணை அல்ல. அழகாக அழ வைக்கிற படம், அந்தக் குடும்பம் ஏன் போனது என்பதைச் சொல்வதில்லை. அதைச் சொல்வது, வேடிக்கையாக, உணர்ச்சியே இல்லாத அந்த சாட்டிலைட் படம்தான்: சுவர் வரைக்கும் உழுத நிலம்.

அடுத்த தடவை ஒரு பாழடைந்த வீட்டுப் படம் பார்த்து உச்சுக் கொட்டுவதற்கு முன்னால், கொஞ்சம் மேலே போய்ப் பாருங்கள். வீடுதான் காலி. பட்டா யார் பேரிலோ பத்திரமாக இருக்கிறது.